அளவும் காவலும்

காவிரி பாய்ந்து வளம் பெருக்கும் தஞ்சைத் தரணியை நெற்களஞ்சியம் என்று கூறுவர். மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. நீர்வரவு போதிய அளவில் உள்ள ஆண்டுகளில் சூன் 12ஆம் நாளன்று அவ்வணையைப் பாசனத்திற்குத் திறப்பது மரபு. அங்கிருந்து வரும் நீர் கல்லணையில் பகுக்கப்பட்டு, ஆறு, வாய்க்கால், மடை எனப் படிப்படியாக இறங்கி வயலை அடைகின்றது. நீர் குறைந்தால் பயிர் வாடும், மிகுந்தால் அழுகும். ஆதலின் மடையை எப்பொழுது திறப்பது என்பதை மட்டுமன்றி, எப்பொழுது அடைப்பது என்பதையும் உழவர் நன்கு அறிவர். தலைமடையில் அளவின்றித் திறந்துவிட்டால் கடைமடை காயும் என்பது அந்நாட்டில் சிறுவரும் அறிந்த செய்தி.

மனித உடலிலும் இத்தகையதொரு பாசனம் இடையறாது நடைபெறுகின்றது. உண்ட சோறு குடலில் செரித்துக் குளூக்கோசு என்னும் சருக்கரையாக மாறிக் குருதியிற் கலக்கின்றது. குருதி அதனை உடலெங்கும் கொண்டு செல்கின்றது. தசை முதலியவற்றின் உயிரணுக்களுள் அச்சருக்கரை நன்கு புகுவதற்கு இன்சுலின் என்னும் சுரப்புநீர் துணைசெய்தல் வேண்டும். அது வயிற்றின் பின்புறத்தே அமைந்த கணையத்தில் சுரப்பது. குருதி வாய்க்கால் என்றால், இன்சுலின் மடையைத் திறக்கும் கை எனலாம். நலமுள்ளவரிடத்தில் கணையமே மடை காப்பவரும் ஆகின்றது. உணவு உண்டதும் வேண்டிய அளவு திறக்கும். சருக்கரை தாழத் தொடங்கியதும் தானே அடைத்துவிடும்.

இக்காவல் கெடுவதே நீரிழிவு நோய். சித்த மருத்துவ நூல்கள் இதனை மதுமேகம் எனக் கூறும். கணையம் இன்சுலினை அறவே சுரவாது ஒழிவது முதல் வகை. இது பெரும்பாலும் இளமையிலேயே தோன்றும். சுரக்கும் இன்சுலின் போதாமலோ, சுரந்தும் செவ்வனே பயன்படாமலோ போவது இரண்டாம் வகை. பெரும்பாலோர்க்கு உள்ளது இதுவே. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. முதல் வகையினர் அனைவர்க்கும், இரண்டாம் வகையினருள் பலர்க்கும் இன்சுலினை ஊசி வழியாகச் செலுத்துதல் இன்றியமையாதது.

இம்மருந்து தோன்றுவதற்கு முன் முதல் வகை நோயுற்ற சிறுவர் பிழைத்தல் அரிது. கனடா நாட்டு டொராண்டோ நகரில் 1921ஆம் ஆண்டில் பேண்டிங் என்னும் மருத்துவரும் பெஸ்ட் என்னும் இளைஞரும், பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில், விலங்குகளின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுக்க முயன்றனர். காலிப் என்னும் வேதியியல் அறிஞர் அதனைத் தூய்மை செய்யும் வழியைக் கண்டார். 1922ஆம் ஆண்டு சனவரித் திங்களில், எலும்பும் தோலுமாய்க் கிடந்த லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அம்மருந்து செலுத்தப்பட்டது. முதல் முயற்சி போதிய பயன் தரவில்லை. தூய்மை செய்த மருந்தைச் சின்னாள் கழித்துச் செலுத்தவே, சிறுவன் தேறினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். பேண்டிங்கும் மெக்லியாடும் 1923இல் நோபெல் பரிசு பெற்றனர். பேண்டிங் பிறந்த நவம்பர் 14ஆம் நாளே இன்று உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

ஆயின், உயிர் காக்கும் அம்மருந்தில் ஓர் இடர் உண்டு என்பதும் தொடக்கத்திலேயே அறியப்பட்டது. காலிப் தம் மருந்தின் ஆற்றலை முயல்களைக்கொண்டு சோதித்தார். அளவு மிகுந்தபோது முயல்கள் வலிப்புற்று வீழ்ந்தன. குளூக்கோசு செலுத்தியதும் எழுந்தன. இன்சுலினை அளக்கும் யூனிட் என்னும் அளவே அம்முயல்களைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. பட்டினி கிடந்த, ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள முயலின் குருதிச் சருக்கரையை வலிப்புத் தோன்றும் நிலைக்குத் தாழ்த்தும் மருந்தளவே முதற்கண் ஒரு யூனிட் எனப்பட்டது. நன்மையும் இடரும் ஒரே அளவுகோலில் அமைந்த மருந்து இஃது என்பதை இவ்வரலாறு காட்டும்.

சருக்கரை தாழ்வதால் வரும் கேடு யாது? வளர்ந்த ஒருவரின் குருதி முழுவதிலும் எந்நேரமும் கரைந்துள்ள சருக்கரை ஏறத்தாழ 5 கிராம். அஃதாவது ஒரு தேக்கரண்டி அளவே. இச்சிறு அளவைக் கொண்டே மூளை இயங்குகின்றது. மூளை தனக்கென்று சருக்கரையைப் போதிய அளவு சேமித்து வைப்பதில்லை. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் குளூக்கோசைக் குருதியிலிருந்து நேரே எடுத்துக்கொள்கின்றது. குளமும் கிணறும் இல்லாது வாய்க்கால் நீரையே நம்பியிருக்கும் கடைமடை வயல் போன்றது மூளை. இன்சுலின் மிகுந்து பிற மடைகளெல்லாம் அகலத் திறந்துகொண்டால், வாய்க்கால் வற்றும். முதலில் வாடுவது மூளையே. நூறு மில்லிலிட்டர் குருதியில் சருக்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அதனைத் தாழ்சருக்கரை நிலை என மருத்துவர் கொள்வர். 54க்குக் கீழே இறங்கின் உடனே தீர்க்கவேண்டிய பேரிடராகும்.

கணையம் சுரக்கும் இன்சுலினுக்கும் ஊசி வழியே செல்லும் இன்சுலினுக்கும் உள்ள வேற்றுமையை இங்கு உணர்தல் வேண்டும். கணையம் நிலைமை அறிந்து அடைக்கும். ஊசி மருந்தோ, உண்டாரா உண்ணவில்லையா என்று கேளாது. தனக்குரிய காலம் முடியும்வரை வேலை செய்துகொண்டே இருக்கும். ஒருமுறை செலுத்தியதைத் திரும்ப எடுத்தல் இயலாது. ஆகவே மடையை அடைக்க இயலாத நிலையில், வாய்க்காலில் நீர் வற்றாமற் காப்பதே மனிதர் செய்யத்தக்க காவல். மருந்து, உணவு, உழைப்பு ஆகிய மூன்றும் ஒன்றற்கொன்று ஒத்து நிற்றலே அக்காவலின் அடிப்படை.

நெல் விளையும் நாட்டின் வாழ்க்கையில் இம்மூன்றும் மாறுபடுவதற்கு வாய்ப்புகள் பல. நடவு நாளில் பெண்கள் விடியற்காலையிலேயே வயலுக்குச் செல்வர். வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு, உணவைத் தூக்குவாளியில் எடுத்துச் சென்று, ‘இந்த வயல் முடியட்டும்’ என்று உணவைத் தள்ளிப்போடும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். உணவுக்கென்று செலுத்திய மருந்து உணவைக் காணாது. சேற்றில் குனிந்து நடும் உழைப்போ தசைகளுள் சருக்கரையை மேலும் இழுக்கும். தொடையில் ஊசி போட்டிருந்தால், கால்கள் உழைக்கும்பொழுது மருந்து விரைந்து குருதியிற் கலப்பதும் உண்டு. இவையனைத்தும் கூடும்போது நண்பகலுக்கு முன்னரே சருக்கரை தாழ்ந்துவிடும். அறுவடை முதலிய கடும் உழைப்பின் பயன் அன்றோடு முடிவதில்லை. அன்றிரவும் மறுநாளும்கூடச் சருக்கரை தாழக்கூடும்.

திருமண வீட்டிலும் இவ்விடர் உண்டு. பந்தி எட்டு மணிக்கு என எண்ணி வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு புறப்பட்டவர், பந்தி ஒன்பதரைக்கு நடப்பதைக் காண்பார். ஏகாதசி, கிருத்திகை முதலிய நாள்களில் உண்ணாதிருப்போரும், ரமலான் திங்களில் நோன்பு நோற்போரும் மருந்தை மட்டும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டால் இதே நிலையை அடைவர். நோன்பு நோற்க விரும்புவோர் முன்னரே மருத்துவரை அணுகி, நோற்கலாமா என்பதையும், மருந்தின் அளவையும் நேரத்தையும் எவ்வாறு மாற்றுவது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். வாந்தி, சிறுநீரகக் குறைபாடு, மது அருந்துதல் ஆகியனவும் சருக்கரையைத் தாழ்த்தும் காரணங்களாம். மது, கல்லீரல் சருக்கரையை வெளிவிடுவதைத் தடுக்கின்றது. வெறுவயிற்றில் அதன் கேடு பெரிது.

மருந்தை அளப்பதிலும் ஒரு பிழை நேரக்கூடும். நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பியும், 100 யூனிட் உள்ளதும் வழங்குகின்றன. 40க்குரிய சிரிஞ்சு சிவப்பு மூடியும், 100க்குரியது ஆரஞ்சு நிற மூடியும் உடையதாக இருக்கும். 100 யூனிட் மருந்தை 40க்குரிய சிரிஞ்சில் எடுத்தால், 10 என்று எண்ணிச் செலுத்துவது 25 யூனிட்டாகிவிடும். குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றாயிருத்தலை ஒவ்வொரு முறையும் பார்த்தல் வேண்டும். கண்பார்வை குன்றிய முதியோர்க்கு வீட்டிலுள்ள மாணவரே இதனைப் படித்துக் கூறலாம்.

சருக்கரை தாழும்பொழுது உடல் எச்சரிக்கை தருகின்றது. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், பசி மிகும். இவ்வெச்சரிக்கையைப் புறக்கணித்தால் மூளை வாடிய அடையாளங்கள் தோன்றும். பார்வை மங்கும், பேச்சுக் குழறும், காரணமின்றிச் சினம் எழும், செய்யும் செயல் தடுமாறும், முடிவில் மயக்கமோ வலிப்போ நேரும். வெயிலில் வேலை செய்வோர்க்கு வியர்வையும் சோர்வும் இயல்பாகையால், இவ்வடையாளங்கள் வெயிலின் களைப்பு என்று தவறாகக் கருதப்படுவது உண்டு. தள்ளாடி நடப்பவரைக் குடித்தவர் என்று இகழ்ந்து விலகிச் செல்வோரும் உளர். அத்தவறு ஓர் உயிரை இழக்கச் செய்யலாம். நெடுநாள் நோயுற்றவர்க்கும் அடிக்கடி சருக்கரை தாழ்ந்தவர்க்கும் நடுக்கமும் படபடப்பும் தோன்றாமலே மயக்கம் வருதல் கூடும். அத்தகையோர் கருவியால் அளந்து பார்த்தே நிலைமையை அறிதல் வேண்டும். உறக்கத்திலும் இது நேரும். நனைந்த ஆடை, தீய கனவு, விடியலில் தலைவலி ஆகியன அதற்குக் குறிப்புகளாம்.

இனித் தீர்க்கும் வழியைக் காண்போம். நினைவுள்ளவராயின் வேலையை உடனே நிறுத்தி அமரச் செய்தல் வேண்டும். அளக்கும் கருவி இருந்தால் அளக்கலாம். இல்லையேல் அதற்கெனக் காலம் தாழ்த்தல் ஆகாது. வளர்ந்தவர்க்கு 15 கிராம் அளவு சருக்கரை தருக. மூன்று தேக்கரண்டி குளூக்கோசு மாவையோ சருக்கரையையோ நீரில் கரைத்துக் கொடுப்பது எளிது. சிறு குழந்தைகட்கு அளவு குறையும். அதனை மருத்துவரிடம் முன்னரே கேட்டு வைத்தல் நன்று. 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, 70க்குக் கீழாகவே இருந்தாலோ, கருவியின்றித் தடுமாற்றம் தீராதிருந்தாலோ மறுமுறையும் அவ்வாறே தருதல் வேண்டும். தேறிய பின் இட்டிலி, சோறு முதலிய உணவை உண்ணச் செய்க. குடலில் சருக்கரை பிரிவதைத் தாமதப்படுத்தும் அகார்போசு என்னும் மாத்திரையை உண்பவர்க்குச் சாதாரணச் சருக்கரை விரைந்து பயன் தராது, குளூக்கோசே வேண்டும்.

களைத்து வீழ்ந்தவர்க்கு நீர்மோர் கொடுப்பது சிற்றூர் வழக்கம். வெயிலுக்கு அது நன்று. ஆயின், தாழ்ந்த சருக்கரையை உயர்த்த அது போதாது. வெல்லம் கரைத்த பானகம் கைவசம் இருந்தால் உதவும். நெய்யும் பாலும் மிக்க இனிப்புகள் குடலில் மெல்லச் செரிப்பனவாகையால் அவசரத்திற்கு ஏற்றவையல்ல.

நினைவிழந்தவர் வாயில் நீரோ சருக்கரையோ ஊற்றலாகாது; அது மூச்சுக் குழலுட் புகுந்து உயிரைப் போக்கும். அவரை ஒருபுறமாகச் சாய்த்துக் கிடத்தி, மூச்சு வழி தடையின்றி இருக்கச் செய்து, 108 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணித்துக் காலத்தைப் போக்குதல் பயனற்றது. மருத்துவர் நாளத்தின் வழியே குளூக்கோசு செலுத்துவர். கல்லீரலின் சேமிப்பிலிருந்து சருக்கரையை வெளிக்கொணரும் குளூக்ககான் என்னும் ஊசியும் உண்டு. அதனைப் பெற்றிருக்கும் வீட்டில் அதனைச் செலுத்தும் முறையைச் சுற்றத்தார் கற்றிருத்தல் வேண்டும்.

வருமுன் காத்தலே சிறப்பு. ஊசிக்கும் உணவுக்கும் மருத்துவர் குறித்த இடைவெளியைத் தவறாது காத்தல், வயலுக்குச் செல்லும்போது மடியில் குளூக்கோசுப் பொட்டலம் கொண்டு செல்லுதல், உழைப்பு மிகும் நாளுக்கு மருந்தையும் உணவையும் எவ்வாறு அமைப்பது என்று முன்னரே கேட்டறிதல், உறங்குமுன் அளந்து பார்த்தல் ஆகியன எளிய வழிகள். ‘இன்சுலின் எடுத்துக்கொள்பவர், தடுமாறினால் சருக்கரை தருக, நினைவிழந்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க’ என்று எழுதிய அட்டை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருத்தலும் நன்று.

ஒருமுறை மயங்கி எழுந்தவர் சிலர், ‘இந்த ஊசியே வேண்டா’ என்று மருந்தை நிறுத்திவிடுவர். இது ஓர் இடருக்கு அஞ்சி அதனினும் பெரிய இடரில் வீழ்வதாகும். முதல் வகை நோயுள்ளவர் இன்சுலினை நிறுத்தினால், சில நாளில் குருதியில் அமிலம் மிகுந்து உயிர் நீங்கும் நிலை வரும். ஏனையோர்க்கும் கண், சிறுநீரகம், கால் ஆகியன மெல்ல மெல்லக் கெடும். வெள்ளம் வந்ததென்று வாய்க்காலையே தூர்த்துவிடும் உழவர் இல்லை. மயக்கம் வந்த நாளையும் நேரத்தையும், அன்று உண்டதையும் உழைத்ததையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டினால், அவர் அளவைத் திருத்துவார். திருத்த வேண்டுவது அளவையே; விடவேண்டுவது மருந்தையன்று.

நீரிழிவுக்கெனத் தனிக்கவனம் வேண்டும் என்பதைத் தமிழகம் முன்னரே உணர்ந்தது. சென்னை இசுடான்லி மருத்துவமனையில் 1948ஆம் ஆண்டில் இந்நோயாளிகட்கெனத் தனிப்பிரிவு தொடங்கியவர் மருத்துவர் எம். விசுவநாதன். அவர் 1954இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையையும் நிறுவினார். இன்று அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றி வழங்கப்படுகின்றது. மருந்து எளிதிற் கிடைக்கும் காலத்தில், அதனைக் கையாளும் அறிவும் அவ்வாறே பரவுதல் வேண்டும்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் மருத்துவத்திற்குரிய பகுதிகள் நான்கு என்பார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து உதவுபவரையும் நான்காவதாக அவர் சேர்த்துள்ளார். இன்சுலின் எடுத்துக்கொள்பவர்க்கு இந்நான்காமவரின் துணை மிக இன்றியமையாதது. சருக்கரை தாழ்ந்த நேரத்தில் முதலில் தடுமாறுவது அவருடைய அறிவேயாகலின், தமக்கு நேர்ந்ததைத் தாமே அறிந்து தீர்த்துக்கொள்ளும் ஆற்றல் அவருக்குக் குறைந்துவிடும். அப்பொழுது அருகிலிருப்பவரின் அறிவே அவருக்கு அறிவாகும்.

அவ்வாறு அருகிலிருப்பவர் வயலில் உடன் நடும் பெண்ணாக இருக்கலாம். பேருந்தில் அடுத்து அமர்ந்தவராக இருக்கலாம். வகுப்பில் ஒரே பலகையில் இருக்கும் தோழராகவும் இருக்கலாம். லெனார்டு தாம்சனைப் போலவே இன்று பள்ளிப் பருவத்திலேயே இன்சுலினை நம்பி வாழ்வோர் பலர் உளர். அத்தகைய தோழன் பாட நேரத்தில் எதையேனும் உண்ண நேர்ந்தால் அதனை நகையாடுதல் கூடாது. அது தின்பண்டமன்று, மருந்து. விளையாடும்போது அவன் சோர்ந்து முகம் வெளிறி நின்றால் சருக்கரை தந்து, ஆசிரியர்க்குத் தெரிவித்தல் வேண்டும். தண்ணீர் குடித்துவரச் சொல்லி அவனைத் தனியே அனுப்பலாகாது. மூன்று தேக்கரண்டிச் சருக்கரையும், அதனை எப்பொழுது தருவது என்னும் அறிவும் ஓர் உயிரைக் காக்கப் போதும்.